தொழுநோயும் சமூக விலக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

தொழுநோயை முற்றாகக் குணப்படுத்தவல்ல கூட்டு மருந்துச் சிகிச்சை இலங்கையில் 1983 ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்யப்பட்டது. பதினாயிரம் பேருக்கு ஒரு நோயாளரிலும் குறைவு என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலை நாடு 1995 இல் எட்டியது. நோயாளர் தொகை இவ்வாறு வீழ்ச்சியடைந்தபோதும், நோயாளர் எனச் சமூகம் அறிந்துகொண்ட ஒருவர் அனுபவிக்கும் ஒதுக்கல் அதற்கிணங்க வீழ்ச்சியடையவில்லை. திருமணப் பேச்சு முறிதல், தொழில் இழத்தல், உறவினர் போக்குவரத்து நின்றுபோதல் ஆகியன சிகிச்சை முடிந்த பின்னரும் தொடர்கின்றன. கிருமி அழிந்த உடலிலும் களங்கம் எஞ்சி நிற்பதேன் என்ற வினா இதனாலேயே எழுகின்றது.

இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விடை எளிமையானது. தொழுநோய் பற்றிய வெறுப்பு தொன்றுதொட்டு வரும் மூடநம்பிக்கை; அறிவு பரவப் பரவ அது மறைந்துவிடும் என்பதே அவ்விடையாகும். இவ்விளக்கத்திற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி வரலாற்றுச் சான்றுகளோடு இயைவதாயில்லை. பழைய சமூகங்களில் இந்நோய் குறித்து நிலவிய அச்சத்திற்குச் சட்டம், மதில், தீவு என்னும் நவீன வடிவத்தைக் கொடுத்தது 19 ஆம் நூற்றாண்டின் குடியேற்றவாத அரசே என்பதும், அவ்வடிவம் வறியோரை இலக்காகக் கொண்டே வகுக்கப்பட்டது என்பதும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டப்படும்.

1. பழைய மரபில் குட்டம்

பழைய நூல்கள் குட்டம் எனக் குறிப்பிடும் ஒவ்வொன்றையும் இன்றைய மருத்துவம் கூறும் தொழுநோயெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயுர்வேத, சித்த மருத்துவ நூல்கள் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பகுக்கும். சொறி, படை முதலாய பல தோல் நோய்கள் அப்பகுப்பினுள் அடங்கும். தோலின் நிறம் மட்டுமே மாறும் வெண்புள்ளி நிலைமை இன்றும் பேச்சு வழக்கில் வெண்குட்டம் எனப்படுவது இப்பழைய பகுப்பின் எச்சமாகும். தொற்றுந்தன்மை சிறிதுமற்ற ஒரு நிலைமை, பெயரளவிலான உறவினாலேயே தொழுநோயின் களங்கத்திற் பங்குகொள்ள நேர்ந்துள்ளமை நோக்கற்பாலது. மேனாட்டிலும் இத்தகைய மயக்கம் நிகழ்ந்தது. எபிரேய வேதத்திற் சடங்குத் தீட்டோடு தொடர்புபடக் கூறப்பட்ட பலவகைத் தோல் மாற்றங்கள் கிரேக்க மொழிபெயர்ப்பில் 'லெப்ரா' என்னும் ஒரே சொல்லைப் பெற்றன. பிற்காலத்தில் அச்சொல் தொழுநோய்க்கு உரியதானபோது, தீட்டுப் பற்றிய விதிகளும் அந்நோயாளர் மீது வந்து படிந்தன.

நமது மரபிலே இந்நோய் பற்றிய மனப்பாங்கு ஒருமுகப்பட்டதாகவும் இருக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து மன்றங்களைக் கூறுமிடத்து, உடல் அழுகிய நோயாளரும் உறுப்புக் குறைபாடுடையோரும் நீராடி நலம்பெறும் பொய்கையுடைய மன்றமொன்றைக் குறிப்பிடுகின்றது. அது காவியக் கற்பனையாயினும், அக்கற்பனையில் நோயாளருக்கு நகரின் உள்ளேயே ஓரிடம் உண்டு. பௌத்த மரபில் உதானம் என்னும் பாளி நூல் சுப்பபுத்தன் என்ற குட்டநோயாளன் புத்தரின் போதனையைக் கேட்டு மெய்ந்நெறியின் முதற் படியை அடைந்தமையைக் கூறுகின்றது. வெலிகமவிலுள்ள குஷ்டராஜகல என்னும் பாறைச் சிற்பத்தோடு, தோல் நோயுற்ற அரசனொருவன் தெங்கினாற் குணமடைந்தான் என்ற கர்ணபரம்பரைக் கதை இணைந்துள்ளது.

இவற்றைக் கொண்டு முற்காலச் சமூகம் நோயாளரை அன்போடு பேணியது என முடிவுகட்டுதல் தவறாகும். அதே உதானக் கதை, சுப்பபுத்தன் முற்பிறப்பில் ஒரு துறவியை இழித்துரைத்தமையே அவனது நோய்க்குக் காரணம் எனவும் கூறுகின்றது. அருணகிரிநாதர் பற்றி வழங்கும் கதையிலே பரத்தையர் தொடர்பும் பெருநோயும் காரணகாரியமாகப் பிணைக்கப்பட்டுள்ளன. நோயை வினைப்பயனாகவும் ஒழுக்கக்கேட்டின் தண்டனையாகவும் காணும் கருத்தியல் இவ்வாறு வேரூன்றியது. தருமசாத்திர நூல்களிற் சில, குட்டநோயாளரின் சொத்துரிமையை மறுத்தன. பிரித்தானியர் இந்தியாவில் இந்துச் சட்டத்தை நீதிமன்ற விதியாக இறுக்கியபோது அவ்விலக்கும் அதனோடு இறுகியது. 1928 ஆம் ஆண்டுச் சட்டமொன்றே அதனை நீக்கிற்று.

எனவே களங்கம் முன்னரே இருந்தது. ஆயினும் அதன் இயல்பு வேறானது. நோயாளர் கோயில் வாயிலிலும் தெருவோரத்திலும் ஊரின் எல்லையிலும் வாழ்ந்தனர். இழிவுபடுத்தப்பட்டபோதும் ஊரவரின் கண்ணுக்குத் தெரிந்தவராயிருந்தனர். ஈகை கொடுப்போனின் புண்ணியத்திற்கு இரப்போன் வேண்டப்பட்டான் என்பதையும் இவ்விடத்து மறத்தலாகாது. ஓர் அரசு தன் ஆட்சிப் பரப்பிலுள்ள நோயாளரைத் தேடிப்பிடித்து ஆயுட்காலம் முழுவதும் அடைத்துவைத்தல் என்பது அம்மரபில் இல்லாத ஒன்று.

2. நோர்வேயும் கிருமிக் கொள்கையும்

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மத்திய காலத்தின் பின் அருகிப்போன தொழுநோய், நோர்வேயின் மேற்குக் கரையோர மீனவர், உழவர் மத்தியில் 19 ஆம் நூற்றாண்டிலும் நிலைத்திருந்தது. அந்நாட்டரசு 1856 இல் நோயாளர் பதிவேடொன்றை ஆரம்பித்தது. பேர்கன் நகரில் பணிபுரிந்த அர்மோர் ஹன்சன் என்ற மருத்துவர் 1873 இல் நோயாளரின் இழையங்களிற் கோலுருக் கிருமிகளைக் கண்டறிந்தார். நோய் பரம்பரையாக வருவதென்ற அக்காலக் கருத்துக்கு அது மாறானது. தமது கொள்கையை நிலைநாட்டும் முயற்சியில், 1879 இல் அவர் ஒரு பெண் நோயாளியின் சம்மதமின்றி அவரது கண்ணிற் கிருமியைச் செலுத்த முயன்றார். அதன் பொருட்டு 1880 இல் நீதிமன்றத் தீர்ப்பினால் வைத்தியசாலைப் பதவியை இழந்தார். நவீன விஞ்ஞானம் இந்நோயாளரை முதலிற் சந்தித்த கட்டத்திலேயே அவர்களது உரிமை ஒரு பிரச்சினையாக எழுந்துவிட்டது.

ஹன்சனின் ஆலோசனையோடு நோர்வே 1877 இலும் 1885 இலும் சட்டங்களை இயற்றியது. முதலாவது சட்டம் வறிய நோயாளரைப் பற்றியது. பிறர் பண்ணைகளில் மாறிமாறித் தங்கி உண்ணும் பழைய வழக்கத்தினின்று அவர்களை அது விலக்கியது. இரண்டாவது சட்டமோ வீட்டில் தனி அறையுள்ளவரை வீட்டிலிருக்க அனுமதித்து, அவ்வசதி அற்றோரை வைத்தியசாலைக்கு அனுப்பியது. தனியறை உள்ளவர் எவர், இல்லாதவர் எவர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நோர்வேயில் நோயாளர் தொகை அந்நூற்றாண்டின் இறுதியளவிற் பெரிதும் குறைந்தது. உணவு, உறையுள் ஆகியவற்றின் தரம் உயர்ந்ததும் மக்கள் வெளிநாடுகளுக்குப் பெயர்ந்ததும் அதே காலத்து நிகழ்ச்சிகளே. எனினும் 1897 இல் பெர்லினிற் கூடிய சர்வதேசத் தொழுநோய் மாநாடு, பிரித்துவைத்தலையே நோர்வேயின் வெற்றிக்குக் காரணமாகக் கண்டு, உலகுக்கு அதனை முன்மாதிரியாக வைத்தது. வாழ்க்கைத் தரம் பின்தள்ளப்பட்டு மதில் முன்னிறுத்தப்பட்டது.

3. பேரரசின் அச்சமும் ஆணைக்குழுவின் முடிவும்

ஹவாய்த் தீவுகளின் மொலோக்காய் நோயாளர் குடியிருப்பில் 1873 முதல் பணியாற்றிய தாமியன் அடிகளார் அந்நோயினாலேயே 1889 இல் இறந்தார். வெள்ளையரான ஒரு குருவானவர் கீழைத்தேய நோயெனக் கருதப்பட்ட ஒன்றினால் மாண்டமை ஐரோப்பாவிற் பெருங்கலக்கத்தை விளைத்தது. குடியேற்ற நாடுகளிலிருந்து இந்நோய் ஆளும் நாட்டினுள்ளும் புகுந்துவிடும் என்ற பீதி பத்திரிகைகளில் இடம்பெற்றது. தேயிலைக்கும் கரும்புக்கும் இரப்பருக்குமெனத் தொழிலாளரைக் கடல்கடந்து பெயர்த்துக்கொண்டிருந்த ஏகாதிபத்தியம், அப்பெயர்ச்சியோடு நோயும் பெயரும் என அஞ்சியது. சமூகவியலாளர் செகரி கசோ, தொழுநோய்க் களங்கம் மத்திய காலத்திலிருந்து அறுபடாமல் வந்த ஒன்றன்று. ஏகாதிபத்திய காலத்து இனவாதச் சூழலில் மீளவும் உருவாக்கப்பட்டதே என வாதிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது.

தாமியன் அடிகளார் இறந்த ஆண்டிலேயே இலண்டனில் தேசியத் தொழுநோய் நிதியம் நிறுவப்பட்டது. அது அனுப்பிய ஆணைக்குழு 1890-91 ஆம் ஆண்டுகளில் இந்தியாவிற் சுற்றாய்வு நடத்தியது. ஆணைக்குழுவின் அறிக்கை 1893 இல் வெளிவந்தது. நோய் பரம்பரையாக வருவதன்று. தொற்றும் தன்மை உண்டாயினும் அது மிகச் சிறிதே. கட்டாயமாகப் பிரித்துவைத்தல் தேவையற்றது. மக்களின் வாழ்நிலையையும் சுகாதாரத்தையும் மேம்படுத்துதலே வழி என்பன அதன் சாரம். அக்கால அறிவு நிலையில் இது வியக்கத்தக்க தெளிவு. ஆனால் நிதியத்தின் குழுவினர் தாம் அனுப்பிய ஆணைக்குழுவின் முடிவை ஏற்க மறுத்தனர். இந்திய அரசு 1898 இல் தொழுநோயாளர் சட்டத்தை இயற்றியது.

அச்சட்டத்தின் வாசகம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கைதுசெய்து காப்பகத்தில் அடைப்பதற்கு உரியவராக அது வரையறுத்தது வறிய தொழுநோயாளரையே. வெளிப்படையாகப் பிச்சை கேட்போரும் பிழைப்புக்கான வழி எதுவும் புலப்படாமல் திரிவோரும் அதனுள் அடங்குவர். இதே நோய் முற்றிய நிலையிலுள்ள நிலவுடைமையாளர் ஒருவர் தம் வீட்டில் வாழ்வதை அவ்விதி தடுக்கவில்லை. கிருமி வர்க்கபேதம் பார்ப்பதில்லை. சட்டம் பார்த்தது. தொற்றைத் தடுப்பதே நோக்கமாயின் இப்பாகுபாட்டுக்கு விளக்கம் காண இயலாது. நகரத் தெருக்களிலிருந்து விகாரமான உடல்களை அகற்றுவதே நோக்கமெனக் கொள்ளின் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் பொருள் தருகின்றது.

4. ஹெந்தளையும் மாந்தீவும்

இலங்கையிற் பிரித்துவைத்தலின் வரலாறு பிரித்தானியருக்கு முற்பட்டது. களனி கங்கைக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அமைத்த தொழுநோய் வைத்தியசாலை 1708 இல் நிறைவுற்றது. ஆசியாவின் மிகப் பழைய தொழுநோய் நிலையங்களுள் ஒன்றாக அது எண்ணப்படும். கோட்டைக்கும் வணிக நகருக்கும் அப்பால், ஆற்றுக்கு மறுகரையில் அதற்கு இடம் தெரிவுசெய்யப்பட்டமையே அதன் அடிப்படை நோக்கைப் புலப்படுத்தும்.

ஒல்லாந்தர் கட்டியது ஒரு கட்டடம்; பிரித்தானியர் அதற்கு நாடளாவிய சட்ட வலிமை வழங்கினர். 1901 ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயாளரைப் பிரித்துவைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1920களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் இரண்டாவது நிலையம் ஏற்பட்டது. தோணியின்றிச் செல்லவியலாத அத்தீவு கிழக்கிலங்கைத் தமிழ், முஸ்லிம், சிங்கள நோயாளருக்கெல்லாம் பொதுவான புகலிடமும் சிறையுமாயிற்று. வாவியின் கரையில் நின்று பார்ப்போர்க்குத் தீவு தெரியும். தீவிலிருப்போர்க்கு ஊர் தெரியும். இடையிலுள்ள நீர் சில நிமிடத் தூரமே. அதனைக் கடந்து திரும்பிவருதலே அரிதாயிற்று.

இவ்வைத்தியசாலைகளிற் கருணையோடு தொண்டாற்றியோர் பலர். அவர்தம் சேவையைக் குறைத்து மதிப்பிடுதல் எமது நோக்கமன்று. நிறுவனம் என்ற வகையில் அவை சமூகத்திற்குக் கற்பித்த பாடம் யாது என்பதே இங்கு ஆராயப்படுவது. அயலவர் ஒருவர் அரச உத்தரவின்பேரில் அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதுபோகுமிடத்து, அந்நோயைப் பற்றி ஊரார் அறிந்துகொள்வது யாது? அது எளிதிற் தொற்றும், ஒருபோதும் தீராது, நோயாளர் ஊரோடு வாழத் தகாதவர். இம்மூன்றும் மருத்துவ நோக்கிற் பிழையான செய்திகள். மனிதருள் மிகப் பெரும்பாலோர்க்கு இக்கிருமியை எதிர்க்கும் இயல்பான ஆற்றல் உண்டு. நீண்டகால நெருங்கிய பழக்கத்தின் பின்னரே பெரும்பாலும் தொற்று நிகழ்கின்றது. ஆயினும் அரசே தன் செயலால் அப்பிழையை நாள்தோறும் போதித்தது. பழைய வினைக்கோட்பாடும் புதிய சுகாதாரச் சட்டமும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கின. அஞ்சியோர் நோயை மறைத்தனர். மறைத்தமையால் நோய் முற்றியது. முற்றிய நோயின் விகாரம் அச்சத்தை மேலும் வளர்த்தது.

5. மருந்து வந்தபின்

நெடுங்காலம் இந்நோய்க்கு வழங்கிய முதன்மை மருந்து நீரடிமுத்து இனத்து விதைகளின் எண்ணெயாகும். உண்மையான மாற்றம் 1941 இல் அமெரிக்காவின் கார்வில் வைத்தியசாலையில் கை பஜே என்ற மருத்துவர் சல்போன் வகை மருந்தைப் பயன்படுத்தியதோடு தொடங்கியது. தமிழ்நாட்டின் செங்கற்பட்டில் றொபேட் கொக்ரேன் 1940களின் பிற்பகுதியில் அதே வகையைச் சேர்ந்த, மலிவான டப்சோனைச் சோதித்தார். வறிய நாடுகளும் வாங்கத்தக்க மருந்து அதனால் உருவாயிற்று. வேலூரிற் போல் பிராண்ட் என்ற சத்திர சிகிச்சை நிபுணர், விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதை நிறுவினார். நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்வு இழந்தமையால் சூடும் வெட்டும் உறைக்காது, புண் கவனிப்பாரற்று, உறுப்புச் சிதைகின்றது. சூடான பாத்திரத்தைத் துணியின்றித் தூக்கும் அடுப்படிப் பெண்ணும், செருப்பின்றி வயலில் இறங்கும் உழவனும் இழக்கும் விரல்கள் நோயினால் மட்டும் போனவையல்ல. அவர்களது உழைப்பின் நிலைமையாலும் போனவை.

1948 இல் ஹவானாவிற் கூடிய சர்வதேச மாநாடு, நோயாளரை நோயின் பெயராலேயே சுட்டும் பழைய ஆங்கிலச் சொல்லைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. இலங்கையில் 1954 இல் தொழுநோய் எதிர்ப்பு இயக்கம் அமைக்கப்பட்டது. டப்சோனுக்குக் கிருமிகள் பழகிவிட்டமை 1960களில் உறுதிப்பட்டதனால், 1981 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு றிபாம்பிசின், குளோபசிமின், டப்சோன் ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுச் சிகிச்சையை வகுத்தது. ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்தில் இச்சிகிச்சை இன்று நிறைவுபெறுகின்றது. ஆரம்ப மாத்திரைகளோடேயே நோய் பிறர்க்குத் தொற்றும் வாய்ப்பு நீங்குகின்றது.

மருத்துவக் காரணம் ஒழிந்ததும் பிரித்துவைக்கும் சட்டங்கள் தாமாக ஒழியவில்லை. இலங்கையின் 1901 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சுதந்திரத்தின் பின்னரும் நெடுங்காலம் சட்டப்புத்தகத்தில் இருந்தது. யப்பானில் 1907 இல் தொடங்கிய பிரித்துவைப்புச் சட்ட வரிசை 1996 இலேயே நீக்கப்பட்டது. இந்தியாவில் தொழுநோயைத் திருமண விலக்குக்குரிய காரணமாகக் கொண்ட சட்ட விதிகள் 2019 வரை நிலைத்தன. பாரபட்சத்தை ஒழிப்பதற்கான நெறிமுறைகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 இலேயே வரவேற்றது. மருந்துக்கும் சட்டத் திருத்தத்துக்கும் இடைப்பட்ட இந்த அரைநூற்றாண்டே களங்கத்தின் சமூக வேரைக் காட்டும் அளவுகோல்.

6. இன்றைய நிலை

1990 இல் இலங்கையில் வானொலி, தொலைக்காட்சி, சுவரொட்டி ஆகியவற்றின் வழி நடத்தப்பட்ட பிரசாரம் இவ்வகையில் முக்கியமானது. விகாரமான உடல்களைக் காட்டி அச்சுறுத்தும் பழைய முறையை விடுத்து, தோலிலுள்ள உணர்வற்ற தேமலைக் கவனியுங்கள், இது குணமாகும் நோய் என்னும் செய்தியை அது முன்வைத்தது. தாமாகவே பரிசோதனைக்கு வந்தோர் தொகை உயர்ந்தது. அச்சத்தை அகற்றின் மறைப்பும் அகலும் என்பதற்கு இது நடைமுறைச் சான்று. 2001 இல் தொழுநோய்ச் சேவைகள் பொதுச் சுகாதார சேவையோடு இணைக்கப்பட்டன. தனி வாயில் மூடப்பட்டு, ஏனைய தோல் நோயாளரோடு ஒரே வரிசையில் நிற்கும் உரிமை கிடைத்தது எனலாம்.

எனினும் அண்மைய ஆண்டுகளிலும் நாட்டிற் புதிதாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் இனங்காணப்படுகின்றனர். மேல் மாகாணத்து நெருக்கமான குடியிருப்புகளும் மட்டக்களப்பு, கல்முனைப் பிரதேசங்களும் இவர்களுட் கணிசமானோரின் வாழிடங்கள். சிறுவரும் இவர்களுள் அடங்குவர். தொற்று இன்னும் சமூகத்தினுள் நிகழ்கின்றது என்பதற்கு அதுவே அடையாளம். 'ஒழிப்பு' என்ற சொல் புள்ளிவிபரப் பொருளிலேயே வழங்கப்பட்டது. மக்களோ, அதிகாரிகளிற் சிலருங்கூட, அதனை நோய் இல்லை என்ற பொருளிற் கொண்டனர். இல்லையெனப்பட்ட நோய்க்குக் கவனமும் நிதியும் குறைவது இயல்பு.

களங்கம் சிகிச்சையின் உள்ளேயும் நுழைகின்றது. குளோபசிமின் என்னும் மருந்து தோலைச் சில காலம் கருமைபடியச் செய்யும். மருத்துவர்க்கு இது மறையக்கூடிய சிறு பக்கவிளைவு. நிறத்தைச் சீதனத்தோடு சேர்த்து நிறுக்கும் சமூகத்தில் வாழும் இளம்பெண்ணுக்கோ, அயலாரின் முதற் கேள்வியை வரவழைக்கும் அறிகுறி அது. அக்கேள்விக்கு அஞ்சி மருந்தை இடைநிறுத்துபவரை அறியாமைமிக்கவர் எனக் குற்றஞ்சாட்டுதல் எளிது. அவர் தம் சமூகத்தை நன்கறிந்தவர் என்பதே உண்மை. நாட்கூலிக்காரர் ஒருவர் மாதந்தோறும் சிகிச்சை நிலையம் செல்ல ஒருநாட் கூலியை இழக்கவேண்டும். காரணம் கூறின் வேலையையே இழக்கவும் கூடும். அறிவூட்டல் மட்டும் இந்நிலைமைகளை மாற்றாது.

முடிவுரை

தொழுநோய்க் களங்கம் மூன்று படைகளாலானது. நோயை வினைப்பயனாகக் கண்ட கருத்தியல் அடியில் உள்ளது. வறிய நோயாளரைச் சட்டத்தாலும் மதிலாலும் பிரித்த குடியேற்றவாத அரசின் நடைமுறை அதன்மேற் படிந்தது. நெருக்கடியான குடியிருப்பு, போசாக்கின்மை, நிலையற்ற தொழில் என்னும் இன்றைய வறுமை அவ்விரண்டையும் உயிரோடு வைத்திருக்கின்றது. பழியனைத்தையும் முதலாவதன் மேற் சுமத்தி, மக்களின் மூடநம்பிக்கையே காரணம் என அமைதிகொள்வது, ஏனைய இரண்டிற்கும் பொறுப்பானோரை விடுவிப்பதாகும்.

1893 ஆம் ஆண்டு ஆணைக்குழு கூறிய தீர்வு, மக்களின் வாழ்நிலையை உயர்த்துதல் என்பது. அன்று அதனைச் செய்வதிலும் அடைத்துவைத்தல் அரசுக்கு மலிவானதாயிருந்தது. மாந்தீவிலும் ஹெந்தளையிலும் இந்நூற்றாண்டு வரை எஞ்சியிருந்தோர், குணமடைந்தும் திரும்பிச்செல்ல வீடற்ற முதியோரே. அவர்களைத் தீவில் இருத்திய நோய் பல ஆண்டுகளுக்கு முன்னரே தீர்ந்துவிட்டது. அவர்களை ஏற்க மறுத்த கரை நம்முடையது. நமது வரலாற்றாய்வு மன்னரையும் கல்வெட்டுகளையும் மட்டுமன்றி இத்தகைய நிலையங்களின் பதிவேடுகளையும், இன்னும் உயிரோடிருப்போரின் வாய்மொழியையும் தனக்குரிய சான்றுகளாக ஏற்றல் வேண்டும். காலந்தாழ்த்தின் அச்சான்றுகளும் அம்மனிதரோடு மறைந்துவிடும்.